அப்பாவுக்கு எந்த ரேடியோ? முதலில் ஸ்டேஷன், அப்புறம் பெட்டி

ஊரில் இருக்கிற அப்பாவுக்கோ மாமியாருக்கோ ஒரு ரேடியோ வாங்கணும், எது நல்லது என்று போன வருடத்தில் மட்டும் ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் ஆரம்பிப்பது கம்பெனி பெயரில். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அவர் எந்த ஸ்டேஷன் கேட்பார்? இதற்குப் பதில் தெரியாமல் பெட்டி வாங்கினால் பணம் வீண். அப்படி ஒரு முறை நானே வாங்கியதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில் அப்பா இருக்கிறார். அவருடைய பழைய டிரான்சிஸ்டர் ஒருநாள் ஒரேயடியாக ஓய்ந்துபோனதும், நான் சென்னையிலிருந்து பளபளவென்று ஒரு பெட்டி வாங்கி அனுப்பினேன். பெரிய ஸ்பீக்கர், பென் டிரைவ் சொருகலாம், மெமரி கார்டு போடலாம், பாட்டுக்கு ஏற்றபடி விளக்கு மின்னும். இரண்டு மாதம் கழித்துப் போனால் பெட்டி ஷோகேஸில் துணி போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. ஏன்பா என்றேன். "சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. திருச்சி வரலையே தம்பி" என்றார்.

அவர் காலையில் கேட்பது திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ், மீடியம் வேவ். நான் வாங்கியதில் எஃப்.எம். மட்டும்தான் உண்டு. அட்டைப்பெட்டியில் பெரிதாக 'ரேடியோ' என்று போட்டிருந்தது, நானும் அதைப் பார்த்துவிட்டு வேறெதையும் கவனிக்கவில்லை. இப்போது கடைகளிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் நிறைய இப்படித்தான்.

அதனால் அலைவரிசை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம்.

எஃப்.எம். என்கிற பண்பலை, பெட்டியில் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். ஒலி தெளிவு, இரைச்சல் குறைவு, ஆனால் கோபுரத்திலிருந்து கிட்டத்தட்ட நேர்க்கோட்டில்தான் போகும். பூமி வளைந்துவிட்டால் அலை மேலே போய்விடும். கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். கொடைக்கானல் பண்பலை, 100.5, மலையிலிருந்து இத்தனை மாவட்டங்களில் கேட்பதற்கு டிரான்ஸ்மிட்டரின் பலம் மட்டும் காரணம் இல்லை, 2,100 மீட்டர் உயரத்து மலைதான் பெரிய காரணம். சமவெளியில் இருக்கிற ஸ்டேஷன் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தாண்டினால் மங்க ஆரம்பிக்கும்.

மீடியம் வேவ், பெட்டியில் ஏ.எம். என்றும் போட்டிருக்கும், நம் நாட்டில் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. 936-இல் வரும் அலையின் நீளம் 320 மீட்டர். இது தரையைத் தழுவிக்கொண்டே போகும், வளைவைப் பற்றிக் கவலைப்படாது. சென்னை 720, கோவை 999, திருநெல்வேலி 1197, புதுச்சேரி 1215 என்று நம் அப்பா தலைமுறை மனப்பாடமாக வைத்திருந்த எண்கள் எல்லாம் இந்த வரிசையில்தான். ராத்திரியானால் இன்னொன்றும் நடக்கும். பகலில் வானத்தில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு மின்னூட்ட அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோய், அலைகள் அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்கும். பகலில் காலியாகக் கிடக்கும் டயலில் இரவு எட்டு மணிக்கு முள்ளை நகர்த்தினால் தெலுங்கும் இந்தியும் மலையாளமும் வருவது இதனால்தான், பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. இரவில் உள்ளூர் ஸ்டேஷன் திடீரென்று தேய்ந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுவதற்கும் இதே காரணம்தான். தரை வழியாக வந்த அலையும் வானம் வழியாக வந்த அலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

சிற்றலை, அதாவது ஷார்ட்வேவ், மூன்றாவது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சரி, இப்போது என்னென்ன வாங்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நான் சொல்லும் விலைகள் கடையில் கேட்டதும் இணையத்தில் பார்த்ததும்தான், ஊருக்கு ஊர் நூறு இருநூறு மாறும்.

எஃப்.எம். மட்டும் உள்ள பெட்டி 400 ரூபாயிலிருந்து கிடைக்கும். இதை நான் மட்டம் தட்டமாட்டேன். காரைக்கால் பண்பலை 100.3, சென்னை ரெயின்போ 101.4, அப்புறம் தனியார் எஃப்.எம்.கள், இவைதான் வேண்டும் என்றால், கேட்பவர் ஸ்டேஷனுக்கு முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறார் என்றால், இது போதும், கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் ஒரு கூடுதல் லாபம், கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து இலங்கைத் தமிழ்ப் பண்பலைகளும் வரும், இடையில் தண்ணீர் மட்டும்தான், மறைக்க ஒரு கட்டடம் கிடையாது. காற்று அடங்கிய சில இரவுகளில் கடல் மேல் வெப்பக் காற்றும் குளிர்காற்றும் அடுக்கடுக்காக நின்று அலையைக் குழாய் போல இழுத்துக்கொண்டு வரும்போது, இன்னும் தூரத்து ஸ்டேஷன்கள்கூட உள்ளூர் மாதிரி கேட்கும். பாம்பனில் மீனவர்களுக்காகவே 90.4-இல் நடக்கும் கடல் ஓசை போன்ற சமுதாய வானொலிகளும் எஃப்.எம். வரிசையில்தான் இருக்கின்றன, இவற்றின் வீச்சு பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் என்றாலும் அந்த ஊர்க்காரர்களுக்கு அதைவிடப் பயனுள்ள ஸ்டேஷன் வேறு இல்லை. பெட்டியில் 88-இலிருந்தே ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிலிருந்து யாராவது கொண்டுவந்த பெட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும், அங்கே எஃப்.எம். 76-இல் ஆரம்பித்து 95-க்குள் முடிந்துவிடுகிறது. அந்த ஊருக்கென்றே செய்த பெட்டியில் நம் 100.3-க்கு இடமே இருக்காது.

இந்த வகையிலேயே ஆயிரக்கணக்கான பழைய பாடல்களை உள்ளேயே ஏற்றிக் கொடுக்கும் பாட்டுப்பெட்டிகள், கார்வான் மாதிரி. அம்மாவுக்குப் பிடிக்கும், பரிசாகக் கொடுக்க நல்லது. ஆனால் அதை வாங்குவது பாட்டுக்காக, ரேடியோவுக்காக அல்ல என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வானொலி கேட்டுப் பழகிய மனிதருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் காத்திருப்பதில்தான் பாதி சுகம் இருக்கிறது.

"போனிலேயே எல்லாம் வருகிறதே, எதற்குத் தனியாகப் பெட்டி?"

அதிகம் பேர் கேட்பது இதுதான், நியாயமான கேள்வியும்கூட. இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, போனுக்குள்ளேயே எஃப்.எம். சிப் இருந்து இணையம் இல்லாமல் நேரடியாக அலையைப் பிடிப்பது. இதற்கு ஒயர் உள்ள இயர்போன் சொருக வேண்டும், அந்த ஒயர்தான் ஆன்டெனா. ஒயர் இல்லாத இயர்பட் மாட்டினால் கேட்காது. இயர்போன் துளையே இல்லாத போன்கள் பெருகிவிட்டதால் இந்த வசதி ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. 2023-இல் மத்திய மின்னணுத் துறை அமைச்சகம் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரையே கொடுத்தது. அதில் காரணமாகச் சொன்னவற்றில் ஒன்று பேரிடர் நேரம்.

இன்னொன்று செயலி. பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் ஆகாசவாணியின் 200-க்கும் மேற்பட்ட ஒலிபரப்புகள் வருகின்றன. துபாயில் உட்கார்ந்து திருநெல்வேலி கேட்கலாம். எனக்கே சென்னையில் திருச்சி கேட்க இதுதான் வழி. நொடிக்கு 64 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்.பி. அளவு டேட்டா, தினம் மூன்று மணி நேரம் கேட்டாலும் 90 எம்.பி.யைத் தாண்டாது, இன்றைய டேட்டா திட்டங்களில் இது ஒன்றுமே இல்லை. கரகரப்பு கிடையாது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவருக்கு நான் யோசிக்காமல் சொல்வது செயலியைத்தான், கூட ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் வீடு நிறையக் கேட்கும்.

ஆனால் எழுபது வயது அப்பாவுக்கு? என் அப்பா போனில் செயலியைத் திறந்து, தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, திருச்சியைத் தொட்டு, நடுவில் யாரோ கூப்பிட, பேசி முடித்ததும் அது தானாக வராமல், மறுபடி முதலிலிருந்து... அவருக்கு அதில் பிரியம் வரவில்லை. பெட்டியில் ஒரு திருகு, க்ளிக் என்று ஒரு சத்தம், முதல் நாள் விட்ட இடத்திலேயே ஸ்டேஷன் காத்திருக்கிறது. கண்ணாடி போடாமல், இருட்டில், கைத் தடவலிலேயே செய்துவிடலாம். வயதானவருக்கு வாங்கும்போது இந்த ஒரு வசதிக்கு நான் நிறைய மதிப்பெண் கொடுப்பேன். இன்னொன்று, இணையத்தில் வரும் ஒலி அரை நிமிடம் ஒரு நிமிடம் தாமதமாக வரும். மணிச் சத்தத்தை வைத்துக் கடிகாரம் சரிசெய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் செயலியின் மணி தப்பான மணி.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமானது கஜா புயல். 2018 நவம்பர் 16, விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. தென்னையெல்லாம் படுத்துவிட்டது, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, எங்கள் பக்கம் கரண்ட் வர வாரக்கணக்கானது. செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை, போனில் சார்ஜும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் பெட்டியில் இரண்டு பெரிய பேட்டரிக் கட்டைகள் இருந்தன. திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்டார்கள் என்று அம்மா சொன்னபோது, ஷோகேஸில் துணி போட்டு மூடிக் கிடந்த என் பெட்டி ஞாபகம் வந்தது, அதைச் சார்ஜ் போடத்தானே கரண்ட் வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் போன் போதும் என்று நினைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

முள் நகரும் சாதாரணப் பெட்டி

கடைசியில் அப்பாவுக்கு வாங்கியது இதுதான். மீடியம் வேவ், எஃப்.எம்., ஒரு சிற்றலை, மூன்று பேண்ட், கை திருகு, பெரிய பேட்டரிக் கட்டை போடும் வகை. 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. வெளிச்சமும் இல்லை, பென் டிரைவும் இல்லை. டயலில் திருச்சிக்கு நேராக அம்மாவின் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் புள்ளி, காரைக்காலுக்கு நேராக இன்னொன்று. இந்தப் புள்ளி வைக்கும் வேலையை யார் வாங்கினாலும் செய்து கொடுங்கள், மலிவுப் பெட்டிகளின் டயலில் அச்சடித்த எண்ணும் உண்மையான இடமும் பொருந்தவே பொருந்தாது.

பேட்டரி விஷயத்தில் என் கருத்து அழுத்தமானது. பெரிய கட்டை ஒரு ஜோடி போட்டால், தினம் மூன்று மணி நேரம் மிதமான சத்தத்தில் கேட்கும் எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பென்சில் பேட்டரி அதைவிட ரொம்பக் குறைந்த காலம்தான். உள்ளே ரீசார்ஜ் பேட்டரி உள்ள பெட்டிகள் தினசரிக்கு வசதி, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் அந்த பேட்டரி வலுவிழந்துவிடலாம், வீங்கவும் கூடும். கழற்றி மாற்றும் வகையா, ஒட்டி மூடிய வகையா என்று பாருங்கள். பழைய பட்டன் போன்களில் போடும் தட்டைப் பேட்டரியே போடும் வகை என்றால் தைரியமாக வாங்கலாம், செல்போன் கடையில் இன்னும் விற்கிறார்கள். ரெண்டும் வேண்டும், அதாவது கரண்டிலும் ஓட வேண்டும் கட்டையிலும் ஓட வேண்டும் என்றால் அப்படியும் பெட்டிகள் உண்டு, நூறு இருநூறு கூட. அதுவே நல்லது.

இந்த வகைப் பெட்டி வாங்கியவர்களிடமிருந்து வாரத்துக்குள் போன் வரும்: "ஏ.எம். ஒரே கொர்ர்ர் என்கிறது, பெட்டி போச்சா?" பெரும்பாலும் பெட்டி நன்றாகத்தான் இருக்கும், குற்றவாளி வீட்டுக்குள் இருக்கும். மலிவு எல்.ஈ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், இவையெல்லாம் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சர்க்யூட்டுகள், அந்த வெட்டு ஒவ்வொன்றும் மீடியம் வேவில் இரைச்சலாக விழும். கண்டுபிடிப்பது சுலபம். டயலில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, வால்யூமைக் கூட்டி, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். எதன் பக்கத்தில் போகும்போது இரைச்சல் ஏறுகிறதோ அதுதான். எங்கள் வீட்டில் அது சாமி அறையில் எரிந்த ஒரு சீரியல் விளக்கு, அதன் அடாப்டரை மாற்றியதும் பாதி இரைச்சல் போய்விட்டது. மீதி போனது பெட்டியை வாசல் பக்க ஜன்னலுக்கு மாற்றியதில்.

ஏரியலை நீட்டினால் மீடியம் வேவ் நன்றாக எடுக்குமா என்று கேட்பார்கள். எடுக்காது. அந்தக் கம்பி எஃப்.எம்.முக்கும் சிற்றலைக்கும்தான், முழுக்க நீட்டினால் முக்கால் மீட்டர் அளவு வரும், எஃப்.எம். அலையில் கால் பங்கு நீளம், அதற்காகவே அந்த அளவு. மீடியம் வேவைப் பிடிப்பது பெட்டிக்குள் படுத்திருக்கும் ஒரு கருப்புக் குச்சி, ஃபெரைட் என்பார்கள், அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அந்தக் குச்சியின் நீளப்பக்கம் ஸ்டேஷனைப் பார்த்தால் ஒலி கூடும், நுனி ஸ்டேஷனைப் பார்த்தால் அடங்கிவிடும். அதனால் செய்ய வேண்டியது பெட்டியையே மெல்ல வட்டமாகத் திருப்பிப் பார்ப்பதுதான். அப்பா பெட்டியை ஜன்னல் கட்டையில் வைத்துக் கால்வாசி திருப்புவார், காது கொடுப்பார், இன்னும் ஒரு விரலளவு திருப்புவார், திருச்சி சட்டென்று கிட்டே வந்து நிற்கும். இரைச்சல் வரும் திசைக்கு நுனியைக் காட்டி அதை அடக்கவும் இதே வித்தை உதவும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மீடியம் வேவின் காலம் தேய்ந்துகொண்டு வருகிறது. நாடு முழுக்கப் பல சிறிய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை ஆகாசவாணி மூடிவிட்டு பண்பலைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் வாங்குவதற்கு முன் அந்த ஊரில் யாரிடமாவது ஒரு பழைய பெட்டியை இரவல் வாங்கி, காலை ஏழு மணிக்கும் மதியத்துக்கும் வேண்டிய ஸ்டேஷன் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் மீடியம் வேவுக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

எண் காட்டும் டிஜிட்டல் பெட்டி

3,000-த்தில் ஆரம்பித்து 10,000 வரை போகும். டெக்சன், சோனி, சாங்கியன் மாதிரி. திரையில் எண் தெரியும், ஸ்டேஷனைச் சேமித்து வைக்கலாம், முள் நழுவும் தொல்லை இல்லை. உள்ளே எல்லா வேலையையும் ஒரு சின்ன சிப் கணக்குப் போட்டுச் செய்துவிடும், அதனால் பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களைப் பிரிப்பதில் கெட்டி. இரவில் மீடியம் வேவ் கேட்பவருக்கு இது பெரிய விஷயம். ஒரு குறை, இப்படிச் சில பெட்டிகள் ஒலி மெலிந்தால் தாமாகவே சத்தத்தைக் குறைத்துவிடும், தேய்ந்து தேய்ந்து வரும் தூரத்து ஸ்டேஷனைக் காதைத் தீட்டிக் கேட்கிறவருக்கு இது எரிச்சல். கை திருகுப் பெட்டியில் கரகரப்போடாவது சொல் புரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒன்று, எந்தக் கடைக்காரரும் சொல்லாதது. நம் நாட்டில் மீடியம் வேவ் ஸ்டேஷன்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, அமெரிக்காவில் 10. அங்கிருந்து உறவினர் வாங்கி வந்த பெட்டி பத்துப் பத்தாகத் தாவும். சென்னை 720 இரண்டு கணக்கிலும் வந்துவிடும், அதனால் பிழை தெரியாது. திருச்சி 936-க்குப் போனால் 930-இல் நிற்கும், அடுத்த தாவலில் 940, நடுவே போகவே போகாது. நல்ல பெட்டிகளில் 9, 10 மாற்றும் வசதி எங்காவது ஒளிந்திருக்கும், அதைத் தேடி மாற்றினால் போதும். எஃப்.எம்.மில் ஸ்டீரியோ பொத்தான் இருந்தால், தூரத்து ஸ்டேஷனில் ஷ்ஷ் என்று வரும்போது மோனோவுக்கு மாற்றிப் பாருங்கள், இரைச்சல் பெருமளவு போய்விடும்.

அப்புறம் சிற்றலை. '11 பேண்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அதில் ஒன்று எஃப்.எம்., ஒன்று மீடியம் வேவ், மீதி ஒன்பதும் சிற்றலையைத் துண்டு துண்டாக வெட்டிப் பெயர் வைத்தவை. அதில் தமிழ் கேட்கலாமா என்பதுதான் நம் ஆட்களின் கேள்வி. மனசு வலிக்கச் சொல்கிறேன், முன்பு மாதிரி இல்லை. 1941-இல் ஆரம்பித்த பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-உடன் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரமே அந்த நிகழ்ச்சியை ஒட்டித்தான் இருந்தது, அலை ஏறி இறங்கும்போது அப்பா கையை உயர்த்தினால் யாரும் தட்டுச் சத்தம்கூடப் போடமாட்டோம். பிலிப்பைன்ஸிலிருந்து தமிழிலும் ஒலிபரப்பிய வேரித்தாஸ் வானொலி 2018-இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. ஆக, தமிழுக்காக மட்டும் சிற்றலைப் பெட்டி வாங்காதீர்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்து என்ன வருகிறது என்று ராத்திரி உட்கார்ந்து தேடுவதில் ஆசை உள்ளவர் என்றால், கேட்ட விவரத்தை ஸ்டேஷனுக்கு எழுதிப்போட்டு அவர்கள் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டையைச் சேர்க்க ஆசை என்றால், அப்போது தாராளமாக 6,000, 7,000 செலவழிக்கலாம், அந்தப் பணத்துக்கு வருடக்கணக்கான ராத்திரிகள் கிடைக்கும். ஐந்தாறு மீட்டர் செம்புக் கம்பியை ஏரியலில் கிளிப் மாட்டி, கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் போகாமல், மொட்டைமாடிக் கொடியில் கட்டினால் வித்தியாசம் பிரமிக்க வைக்கும். இடி இறங்கும் வானம் என்றால் உடனே கழற்றிவிடுங்கள்.

டி.ஆர்.எம். என்கிற டிஜிட்டல் ஒலிபரப்பு பற்றியும் கேட்கிறார்கள். மீடியம் வேவ் அலையிலேயே எஃப்.எம். மாதிரித் தெளிவான ஒலி. ஆகாசவாணி இதற்காக 35 மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியது. சாதாரணப் பெட்டியில் அந்த இடத்துக்குப் போனால் வெறும் ஷ்ஷ் என்ற சீரான இரைச்சல்தான் கேட்கும், சிலர் அதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். தொழில்நுட்பம் அருமை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வாங்கும் பெட்டிகள் மிகக் குறைவு, விலை சாதாரணப் பெட்டியைப்போலப் பல மடங்கு. நான் காத்திருக்கச் சொல்வேன். வேர்ல்ட்ஸ்பேஸ் ஞாபகம் இருக்கிறதா? சந்தா கட்டிச் செயற்கைக்கோள் வழியாகக் கேட்ட ரேடியோ, தமிழுக்குத் தனி ஸ்டேஷனே இருந்தது, ஒலி கண்ணாடி மாதிரி. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் நிறுத்தினார்கள், ஆசையாக வாங்கிய பெட்டிகளில் அதற்குப் பிறகு பிடிக்க ஒன்றுமே இல்லை. ஒரே ஒலிபரப்பை நம்பியிருக்கும் பெட்டி என்றால் எனக்கு இன்றைக்கும் தயக்கம்தான். புதிய காராக இருந்தால் ஒரு தடவை ஸ்டீரியோவில் தேடிப் பாருங்கள், சில கார்களில் டி.ஆர்.எம். ஏற்கனவே இருக்கிறது, அது செலவில்லாத வழி.

தாத்தாவின் மரப்பெட்டி மர்பியையோ பிலிப்ஸையோ பரணிலிருந்து இறக்கிச் சரிசெய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யுங்கள், ஆனால் தினம் கேட்க அல்ல, அதன்மேல் உள்ள பிரியத்துக்காக. முக்கியமாக, இருபது வருடம் தூங்கிய வால்வு ரேடியோவை ஆசையில் நேராகப் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பழைய கெபாசிட்டர்கள் காய்ந்தும் கசிந்தும் போயிருக்கும், சில மாடல்களில் உலோகச் சட்டமே கரண்ட் லைனோடு நேராகச் சேர்ந்திருக்கும், தொட்டால் உயிருக்கே ஆபத்து. வால்வு தெரிந்த மெக்கானிக் கையில் கொடுத்து, கெபாசிட்டர்களை மாற்றிய பிறகே கரண்ட். நன்றாகச் சரியான ஒரு மரப்பெட்டியில் மீடியம் வேவ் கேட்டால் அந்த ஒலியின் கனம் வேறு எதிலும் வராது, அது உண்மை.

இணையத்தில் தேடும்போது நடுநடுவே வாக்கி டாக்கி வரும், ரேடியோ என்றே பெயர் போட்டிருக்கும். அது வேறு விஷயம், அதில் ஒலிபரப்பும் வசதி இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் இயங்கும் வகைக்கு உரிமம் தேவையில்லை என்ற சலுகை உண்டு; மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உரிமம் வேண்டும். பேச ஆசை இருந்தால் பரீட்சை எழுதி ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான உரிமம், வாங்குங்கள், பன்னிரண்டு வயதிலிருந்தே எழுதலாம். 2004 சுனாமியின்போது அந்தமானில் வெளித்தொடர்பு அறுந்த நேரத்தில், அங்கே தற்செயலாகப் போயிருந்த ஹாம் குழுவைச் சேர்ந்த பாரதி பிரசாத் தன் ரேடியோவை வைத்துத்தான் உறவுகளுக்குச் செய்தி சேர்த்தார்.

யாருக்கு எது என்று என்னைக் கேட்டால், கிராமத்தில், அதுவும் கடலோரத்தில் இருக்கும் பெரியவருக்குப் பெரிய கட்டை போடும் மூன்று பேண்ட் பெட்டி, இரண்டாவது யோசனையே வேண்டாம். நகரத்தில் பாட்டு மட்டும் கேட்கும் சமையலறைக்கு எஃப்.எம். பெட்டி. வெளியூரில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் செயலி. ராத்திரித் தூக்கத்தைத் தியாகம் செய்யத் தயாரான ரேடியோப் பிரியருக்கு டிஜிட்டல் பெட்டி. நேரில் வாங்குவதாக இருந்தால் கடைக்குள்ளேயே சோதித்து முடிவெடுக்காதீர்கள், அங்கே மாட்டியிருக்கும் நூறு எல்.ஈ.டி. விளக்கில் எந்தப் பெட்டியும் கொர்ர் என்றுதான் சொல்லும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவோரம் நின்று, மீடியம் வேவில் ஒரு முறை பெட்டியைத் திருப்பித் திருப்பிக் கேளுங்கள்.

வாங்கிக் கொடுத்த பிறகு ஐப்பசி பிறக்கும் முன் இன்னொரு ஜோடிக் கட்டை வாங்கி, பெட்டிக்குள் போடாமல், பிளாஸ்டிக் உறையில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டில் அது அரிசி டிரம்முக்கு மேல் தட்டில் இருக்கிறது, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருட்டில் தடவினாலும் கை போகும் இடம்.